வலது தோளில் விழுந்த பூணூல்

1943 ஜூலை 6, செவ்வாய்

பகலில் சர்க்கார் ஆபீசில் ரேஷன் உத்தரவுகளைப் பிரதியெடுக்கிறேன். சாயந்திரம் வலியசாலை வீட்டு மாடியில் அதே உத்தரவுகளைக் கேலிசெய்து வாரப் பத்திரிகைக்குப் படம் வரைகிறேன். என் தைரியமெல்லாம் 'கொசு' என்ற புனைபெயரோடு சரி. பர்மா அரிசி நின்றுபோய் ஊரே மரச்சீனிக் கிழங்கில் உயிர் வாழ்கிறது. கொசு மட்டும் கொழுக்கிறது.

இந்த வாரம் மூன்று கட்டம். கடைசிக் கட்டத்தில் சட்டையில்லாத அதிகாரி, பூணூலும் தொப்பையுமாக, வரிசையில் நிற்பவர்களுக்கு ஆளுக்கொரு சிட்டிகை அரிசி போடுகிறார். பார்த்துப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

ஜூலை 11, ஞாயிறு

ஐயோ.

யுத்தத்தில் படம் அச்சடிக்கிற தகடு கிடைப்பதில்லை. படத்தை மரக்கட்டையிலேயே வரைகிறேன், ஆசாரி செதுக்குகிறார். கட்டையில் இடம் வலமாக வரைந்தால்தான் அச்சில் நேராக வரும். எழுத்தையெல்லாம் கண்ணாடி பார்த்துத் திருப்பிப் போட்டவன், பூணூலை மட்டும் தினமும் போட்டுக்கொள்கிற பழக்கத்தில் இடது தோளில் போட்டுவிட்டேன். அச்சில் அது வலது தோளுக்குப் போய்விட்டது. சாவுக் காரியத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி!

ஜூலை 12

கோயில் வாசலில் ஒருவர் பத்திரிகையை விரித்துக்கொண்டு, "சர்க்கார் நமக்கெல்லாம் வாய்க்கரிசி போடறதாக்கும்!" என்றார். கூட்டம் சிரித்தது.

சாலைக் கடைத்தெருவில் பத்திரிகை அச்சகத்துக்குப் போனால், பத்திராதிபர் பகவதிப்பெருமாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, வாய்க்கரிசின்னு ஒரு எழுத்து எழுதாமலே சொல்லிட்டேரே! என்ன நெஞ்சழுத்தம் ஒமக்கு!"

கைப்பிசகு என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அடக்கமாகச் சிரித்துவைத்தேன்.

ஜூலை 15

பகவதிப்பெருமாளைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. அச்சகத்துக்குப் பூட்டு. யுத்த காலத்தில் ஜனங்களைத் தூண்டிவிடுகிற படமாம். கொசு யார் என்று கேட்டதற்கு அவர் வாயைத் திறக்கவில்லையாம்.

எனக்கு வயிற்றுப்போக்கு.

ஜூலை 17

ஆபீஸ் போனேன். வந்தேன். மகா தைரியசாலி.

ஜூலை 18, ஞாயிறு

என் மனைவி லலிதாம்பாளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "கைப்பிசகுன்னு சொல்றதுக்கு ஒங்களை விட்டா ஆர் இருக்கா? அவராத்துலயும் கொழந்தைகள் இருக்கு, கேட்டேளா" என்றாள்.

சொன்னால் வேலை போகும். வேலை போனால் சாப்பாடு? பேசாமல் கொசுவாகவே இருந்துவிட்டால் என்ன — சீ.

ஜூலை 19

ஸ்டேஷனுக்குப் போய், கொசு நான்தான், பூணூல் தெரியாமல் வந்த பிசகு என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "பிசகு இத்தனை கச்சிதமா வருமோ, ஸ்வாமீ?"

நம்பவில்லை. ஆயுளில் ஒரு அதிகாரி என் வேலையைப் புகழ்ந்தது இதுதான். பகவதிப்பெருமாளை விட்டுவிட்டார்கள். கொசு நான்தான் என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

ஜூலை 22

வேலைநீக்க உத்தரவு. பிரதியெடுத்தது பக்கத்து மேஜைக்காரர். மூன்று பிழை.

ஜூலை 29, வியாழன்

இனி எனக்குத்தான் பொழுது இருக்கிறதே என்று லலிதா பையைக் கையில் கொடுத்தாள். இத்தனை மாதம் அவள்தான் ரேஷன் கடைக்குப் போய்வந்தாள். இரண்டு மணி நேரம் நின்றேன். என் படங்களில் வரிசையில் நிற்பவர்கள் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பார்கள். இங்கே யாரும் பேசவில்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாள் கிறுகிறுத்து உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். அவள் முறை வருவதற்குள் கடையைச் சாத்திவிட்டார்கள். வெட்கமாக இருந்தது.

வீட்டில் பகவதிப்பெருமாளின் சீட்டு காத்திருந்தது. அச்சகம் திறந்தாயிற்று, இந்த வாரப் படம் வேண்டும், சொந்தப் பெயரிலேயே. கட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அந்த அம்மாளை வரைந்தேன். வசனம் எதுவும் போடவில்லை.