டோரதியின் கோதுமைக் கட்டுரை

நவம்பர் 5, 1974. செவ்வாய்

காலையிலிருந்து மழை. குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

நான் நடத்தும் பொருளாதார வரலாற்று மாலை வகுப்பில் ஏழு பேர். டோரதி வரவில்லை. அலுவலகத்தில் ஒரு சீட்டு: "இந்தப் பாடத்துக்கு என் படிப்பு போதாது. விலகிக்கொள்கிறேன்." போன வாரம் நான் திருத்திக் கொடுத்த கட்டுரையையும் கூடவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அலுவலகப் பெண் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் எட்டுப் பேர் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜனவரியில் வகுப்பு கிடையாது. விலகினவரே திரும்பி வந்தாலும் போதும்."

வாரத்தில் நான் பத்து வாக்கியத்துக்கு மேல் பேசுவது செவ்வாய் மாலைகளில்தான்.

நவ. 6, புதன்

வாங்க: பால், முட்டை, தபால்தலை, பல்பு.

கட்டுரையை மறுபடி படித்தேன். டோரதி பக்கத்து ஊரான விட்பியிலிருந்து பஸ் பிடித்து வருபவர். என் வயது இருக்கும். அவர் தாத்தா கான்சாஸில் கோதுமை விவசாயி. தங்கம் மட்டும் போதாது, புழக்கத்தில் பணம் பெருக வெள்ளியையும் தாராளமாக நாணயமாக்கு என்று 1890களில் கூட்டம் கூட்டமாகக் கத்தியவர்களில் ஒருவர். பிறகு எல்லை தாண்டி வடக்கே சாஸ்கச்சுவானுக்கு வந்துவிட்டார்.

டோரதி எழுதியது: கடன் வாங்கிய வருடம் ஒரு மூட்டை விற்றுக் கட்டிய அதே தவணையைக் கட்ட, சில வருடம் கழித்து இரண்டு மூட்டை விற்க வேண்டியிருந்தது. தாத்தா சோம்பேறியாகிவிடவில்லை. டாலர் கனத்துவிட்டது.

ஓரத்தில் என் சிவப்பு எழுத்து: "குடும்பக் கதை. வாதம் அல்ல."

வாதம்தான். வெள்ளி வந்தால் எல்லாம் தீரும் என்று அவர்கள் நம்பியதை இப்போதும் ஏற்கமாட்டேன். ஆனால் நோவு எங்கே என்று சரியாகத்தான் சொன்னார்கள். எனக்கு வங்கிக்காரர்கள் எழுதியதையே இருபது வருடம் படித்துப் பழகிய கண்.

எட்டாவது ஆள் தேவைப்படும் வாரத்தில் இந்த ஞானம். என் மேலேயே சந்தேகம்.

நவ. 7, வியாழன்

குளிர். எதிர்வீட்டு பரமேசுவரி இடியப்பம் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரி லேபில் வேலை. மேசையில் கட்டுரையைப் பார்த்துக் கேட்க, சொல்லிவிட்டேன்.

"அக்கா, உங்கட வெள்ளிக்காரர் தோத்து எண்பது வருசமாகுது. நீங்கள் இன்னும் அவையோட சண்டை பிடிக்கிறியள்."

"சண்டை இல்ல. தப்பா திருத்திட்டேன்."

"அப்ப ஒரு போன் எடுத்துச் சொல்லுங்கோவன். குறைஞ்சா போயிடுவியள்?"

"இப்ப கூப்பிட்டா ஆள் பிடிக்கிற மாதிரி இருக்கும்."

"ஓம், ஆள் பிடிக்கத்தானே வேணும்?"

சிரித்துக்கொண்டே போனார். இடியப்பம் நாலு. சம்பலில் உறைப்பு அதிகம்.

நவ. 8, வெள்ளி

4.10. பதிவேட்டில் டோரதியின் எண் இருக்கிறது. ஐந்துக்கு முன் அழைத்தால் பேரம். பின் அழைத்தால்தான் மன்னிப்பு. அடுப்பைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடியும்.

5.20. அலுவலகப் பெண்ணின் போன். ஜனவரி வகுப்பு ரத்து. அவள் வருத்தம் தெரிவித்தாள், நான் நன்றி தெரிவித்தேன்.

நவ. 9, சனி

பதினொரு மணிக்கு அழைத்தேன். டோரதியே எடுத்தார். பின்னால் துணி துவைக்கும் மெஷின் சத்தம். ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன்: அந்தக் குறிப்பு தவறு, உங்கள் வாதம் சரி.

மெஷினை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்:

"நேற்றுத்தான் தெரிந்ததா உங்களுக்கு?"

"புதன்கிழமையே."

"புதன்கிழமையா." பிறகு, கோபமில்லாமல்: "ஐந்து மணி வரை நேரம் உண்டு என்று அலுவலகத்தில் எனக்கும் சொல்லியிருந்தார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடலாம் என்று நேற்று முழுக்க போன் பக்கத்திலேயே இருந்தேன்."

ஏன் காத்திருந்தேன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பெருமை பேசுவது போலிருக்கும்.

கட்டுரையைத் திருப்பி அனுப்பட்டுமா என்றேன். "எனக்கு வேண்டாம். உங்கள் குறிப்பைத் திருத்தி என் அப்பாவுக்கு அனுப்புங்கள். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, தாத்தாவும் அவர் கூட்டாளிகளும் ஒன்றும் புரியாதவர்கள் என்று அவருக்கு எழுதிவிட்டேன். நான் எழுதினால் அவர் அதை அப்படியே நம்பிவிடுவார்."

முகவரி சொன்னார். எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

விட்பியில் பனி தூற ஆரம்பித்துவிட்டதாம். இங்கே இன்னும் இல்லை என்றேன்.