பத்திரத்தில் மகள்

டோர்வல், கனடா
8 பெப்ரவரி 2004

அன்புள்ள அக்னெஸ் அம்மாவுக்கு,

சிசிலி எழுதுகிறேன். உங்கள் வீட்டை விட்டு வந்து ஐந்து மாதமாகிறது. விமான நிலையத்தில் கழிவறை துப்புரவு செய்கிறேன். இரண்டு பெண்களோடு நிலக்கீழ் அறையில் இருக்கிறேன். குளிர்தான், ஆனால் கதவை உள்ளே பூட்டலாம்.

மூன்றாம் தடவையாகக் கேட்கிறேன். என் பாஸ்போர்ட்டையும் குடிவரவுப் பத்திரத்தையும் அனுப்பிவிடுங்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிசிலி

இல்-பிசார், கனடா
20 பெப்ரவரி 2004

அன்புள்ள சிசிலிக்கு,

மாதாவின் அருளால் சுகமாக இருக்கிறோம். தேயிலைத் தோட்டத்தில் கிடந்த உன்னை ஒன்பது வயதில் யாழ்ப்பாணம் கூட்டிவந்து, ஞானஸ்நானம் கொடுத்து, பிள்ளை போல வளர்த்தோம். கனடாவும் காட்டினோம். நீ சொல்லாமல் போய்விட்டாய். கோயிலில் எல்லோரும் உன்னை விசாரிக்கிறார்கள், எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

மே மாதம் என் மகள் ஜெயனிக்குக் கல்யாணம். பத்து நாள் முன்பே வா. பலகாரம் உன் கைப்பக்குவத்தில் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் பத்திரங்களை என் கையாலேயே தருகிறேன். அதுவரை வெளியே வாய் திறக்காதே, உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்னெஸ்

டோர்வல்
2 மே 2004

அக்னெஸ் அவர்களுக்கு,

பத்திரத்தின் பிரதியை அரசாங்கத்திடமே கேட்டு வாங்கிவிட்டேன். ஏன் ஒளித்தீர்கள் என்று இப்போது விளங்குகிறது. அதில் நான் நீங்கள் பெற்ற மகள், ஜெயனிக்கு ஒரு வயது மூத்தவள். கொழும்பில் கனடா வர விண்ணப்பித்தபோது நீங்கள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வாசிக்க விட்டீர்களா?

மூத்த மகள் எங்கே படுத்தாள்? கராஜில், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில். எல்லோரும் சாப்பிட்ட பிறகு தனித் தட்டில் சாப்பிட்டாள். யாழ்ப்பாணத்தில் ஜெயனியின் புத்தகப் பையைப் பள்ளி வாசல்வரை தூக்கிப்போய்த் திரும்பி வந்தாள். இங்கே ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இருந்ததற்கு, “எழும்படி, ஆக்கள் வருகினம், உன்ர இடத்தில போய் இரு” என்றீர்கள்.

உண்மையைச் சொன்னால் என்னைத் திருப்பி அனுப்பவும் கூடும், உங்களையும் விசாரிப்பார்கள் என்று வழக்கறிஞர் சொன்னார். வாயை மூடிக்கொண்டு உங்கள் மகளாகவே இருந்தால் குடியுரிமை கிடைத்துவிடுமாம். பதினான்கு வருஷம் உங்களுக்கு அடிமையாக உழைத்தவளுக்கு, விடுதலையும் உங்கள் பெயரைச் சொன்னால்தானா? ஒரு கிழமை தூங்கவில்லை.

கல்யாணத்துக்கு வரமாட்டேன். பலகாரத்தைக் கடையில் வாங்குங்கள். குடியுரிமைப் படிவத்தில் தாயின் பெயர் கேட்ட இடத்தில் உங்களை எழுதவில்லை. தோட்டத்தில் என்னைப் பெற்ற நல்லம்மாவை எழுதினேன். வழக்கறிஞர் நேற்று அதை அனுப்பிவிட்டார்.

சிசிலி