உள்ளங்கையில் நாலு குருணை

மூட்டையின் வாய்த் தையலைத்தான் அம்மா, நான் முதலில் பார்த்தேன். மிஷின் தையல் என்றால் ஒரே நேராக ஓடும். இன்று காலை கம்பத்து உரக்கடையில் என் முன்னால் இழுத்துப் போட்ட மூட்டையில் நூல் கோணலாக ஏறி இறங்கியிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே நூலில்லாத பழைய ஊசித் துளைகள். யாரோ பிரித்து, மறுபடி கையால் தைத்த மூட்டை. உடனே உன் ஞாபகம் வந்தது.

கடைக்கு நான் மட்டும்தான் வந்திருந்தேன். வயலில் சேற்றுழவு முடிந்துவிட்டது. அடியுரம் போட்டால் நட்டுவிடலாம். நாற்று நாள் தாண்டி முற்றிக்கொண்டிருக்கிறது. சொசைட்டியில் கேட்கும்போதெல்லாம் டிஏபி உரம் இல்லை என்ற ஒரே பதில்தான்.

"கம்பத்துல லோடு எறங்கிருக்காம். எனக்கு இன்னைக்குத் தண்ணி மொற. நீ போய் நில்லு தாயி" என்றார் அப்பா. கொஞ்சம் யோசித்து, "வாயத் தொறந்து கேட்டு வாங்கணும்" என்றும் சொன்னார்.

வரிசை தெரு வரைக்கும் நின்றது. நேற்று ஒரு விலை, இன்று ஒரு விலை. அதோடு யாரும் கேட்காத ஒரு பயிர் டானிக் பாட்டிலையும் எடுத்தால்தான் மூட்டை. அதுவும் ஆளுக்கு ஒன்று.

எட்டாவதோடு என் படிப்பை நிறுத்திய வருஷம் நீ இதே கடைக்கு என்னைக் கூட்டிவந்தாய். மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, நாலு குருணையை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பியை உருவினாய். சுண்ணாம்பைத் தொட்டு வைத்து, புகையிலை கசக்குவது போலக் கட்டைவிரலால் தேய்த்தாய். நல்ல டிஏபி என்றால் கண்ணில் நீர் முட்டும்படி நெடி கிளம்ப வேண்டும். அன்று ஒன்றும் கிளம்பவில்லை.

"என்ன மதினி, வெத்தல ரெண்டு தரவா?" என்றார் வரிசையில் ஒருவர்.

"ஒரம் சேத்து வெத்தல போட்டா பல்லு நல்லா வெளயுமாம்ல" என்றார் பின்னால் நின்றவர்.

"ஒனக்குத்தான்யா இருக்கிறதே மூணு பல்லு. நீ மொதல்ல போடு" என்றாய்.

கடையே சிரித்தது. நான் மருந்து அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எல்லோரும் உன்னைப் பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை.

"என் கடச் சரக்க நம்பலையா?" என்று முதலாளி முறைத்தார். நீ கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாய். "என் மூக்க நம்ப வேணாம். ஒங்க மூக்க வச்சுப் பாருங்க."

அவர் உள்ளேயிருந்து வேறு மூட்டை கொண்டுவரச் சொன்னார். வெளியே வந்ததும் எனக்கு விழுந்தது திட்டு. "அங்கன என்னத்தடி ஒளிஞ்ச? பேசுனா வாயி தேஞ்சிருமா?"

போன போகத்தில் நீ படுக்கையில் கிடந்தாய். அப்பா அவசரத்தில் மூட்டையைப் பார்க்காமலே வாங்கிவந்து வீசினார். பயிர் தூர் கட்டவே இல்லை. "பயிரு எந்திரிச்சிருச்சா?" என்று நீ கேட்கும்போதெல்லாம், "பச்சப்பசேல்னு நிக்குது" என்பார் அப்பா. அறுப்புக்கு முன்னால் நீ போய்விட்டாய். வீட்டுக்கு வைக்கிற நெல்கூடத் தேறவில்லை அம்மா. இப்போது கடை அரிசிதான் பொங்குகிறேன். அதுவும் வாரத்துக்கு வாரம் ஏறுகிறது.

நான் வெற்றிலை போடுவதில்லை. ஆனாலும் உன் டப்பி என் இடுப்பில்தான் இருக்கிறது. சுண்ணாம்பு காய்ந்துவிடாமல் அவ்வப்போது தண்ணீர் விட்டு வைக்கிறேன். ஏன் என்று அப்பா கேட்டதில்லை.

"தூக்கிக்கோ தாயி, பின்னாடி ஆளு நிக்குது" என்றார் முதலாளி.

அவருக்குப் பின்னால் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கோணல் தையல். வேண்டாம் என்றால் இந்த லோடு போய்விடும். அடுத்தது எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. நாற்று அதுவரை தாங்காது. வாங்கினால் போன போகம் மாதிரிதான். என் கை இடுப்புக்குப் போனது.

தையல் இடுக்கில் விரலை விட்டு நாலு குருணை எடுத்தேன். சுண்ணாம்பு வைத்துத் தேய்த்து முகர்ந்தேன். சுண்ணாம்பு வாசம்தான் வந்தது. இன்னும் கொஞ்சம் வைத்து அழுத்தித் தேய்த்தேன். மேல்சாயம் போய், களிமண்ணாகப் பிசுபிசுத்தது.

"என்ன பிள்ள செய்யுற? வேணும்னா எடு, இல்லேன்னா நகரு. வாங்க எத்தன பேரு நிக்காக பாரு" என்றார் முதலாளி.

எனக்கு அடுத்து நின்றவர் என் கையை எட்டிப் பார்த்தார். அன்று நீ மூணு பல்லு என்றாயே, அவரேதான். இப்போது அதுவும் இல்லை. "ஏ ஆத்தா, நீ காமயகவுண்டன்பட்டிச் சுண்ணாம்பு மதினி மகளா?"

தலையாட்டினேன்.

"அவுக இருந்தா இந்நேரம் கட ரெண்டுபட்டிருக்கும்" என்றார்.

நான் முதலாளி பக்கம் திரும்பவில்லை அம்மா. டப்பியின் மூடியைக் கழற்றி, அவரவரே தேய்த்து முகர்ந்து பார்க்கட்டும் என்று பின்னால் நின்ற வரிசையைப் பார்த்து நீட்டினேன்.