உன் அப்பாவிடம் மிஞ்சிய ஒரு சொல்

அண்ணன் பெற்ற செல்வமே, வாலு,

அங்கே நீ நலமாகத்தான் இருப்பாய். இங்கே நலம் தீர்ந்துபோய்விட்டது, உன்னிடம் மிச்சமிருந்தால் பார்சலில் கொஞ்சம் அனுப்பு. ஈரேழு உலகத்தையும் கட்டி ஆண்ட உன் சித்தப்பா நான், இப்போது ஸ்பூனும் கையுமாக உன் அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறேன். பக்கவாதத்தில் அவர் பேச்சு போனது உனக்குத் தெரியும், ஒரே ஒரு சொல் மட்டும் தங்கியது என்பதை நீ அழுவாய் என்று அண்ணி மறைத்துவிட்டார். அந்தச் சொல் 'ஹவெவர்', நம் 'இருந்தாலும்'தான். ஆங்கிலப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்த காலமெல்லாம், ஒரு வாக்கியத்தில் ஒரே சொல் இரண்டு தடவை தலைகாட்டினால் சிவப்புப் பேனாவால் கழுத்தை அறுத்தவர், வெட்டிய சொற்களை அடுக்கியிருந்தால் நிலாவுக்குப் படிக்கட்டே கட்டியிருக்கலாம். நீ பள்ளிச் சுற்றுலாவிலிருந்து எழுதிய கடிதத்தையே திருத்தித் திருப்பி அனுப்பிய மகானுபாவர் அல்லவா. அவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றாலும் ஹவெவர், ஃபேனை நிறுத்து என்றாலும் ஹவெவர், வெளியே போடா என்று என்னை விரட்டவும் ஹவெவர். அண்ணி மட்டும், "வார்த்தை ஒண்ணுதான், ராகம் வேற வேற, இத்தனை வருஷமா கேக்கறேன் எனக்குத் தெரியாதா" என்று சமாளித்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. அப்பாவுக்குப் பிடிக்குமே என்று ஆங்கிலத்தில் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாய், குணமாவது என்பதற்கே ஐந்தாறு சொல், ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. அப்பா என்று ஆரம்பத்தில் ஒரு தடவை, அப்புறம் அந்த மூத்த பத்திரிகையாளர், அந்தக் கண்டிப்பான ஆசான், அந்தத் தளராத உள்ளம், எல்லாம் அவரேதான். நான் மேடை நடிகன் மாதிரி முழங்கி வாசித்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார், நடுவில் எங்கேயோ தவறவிட்டார், யாரைப் பற்றி வாசிக்கிறேன் என்றே பிடிபடவில்லை போல, கண் நிறைந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்றிலிருந்து அந்த ஹவெவரும் இல்லை. தண்ணீருக்குக் கையைக் காட்டுகிறார், அவ்வளவுதான். பேச்சுப் பயிற்சி தர வரும் அம்மா என்னைப் பிடித்து உலுக்கிவிட்டார். "வார்த்தைய மாத்தாதீங்க சார், சொன்னதையே சொல்லுங்க, அவர் பிடிச்சுக்கற கம்பிய நீங்க மாத்திக்கிட்டே இருந்தா எப்படி ஏறுவார்" என்றார். பேச முயல்வதையே விட்டுவிட்டால் அப்புறம் கஷ்டம் என்றும் சொன்னார். தேறிவிடுவாரா என்று கேட்டேன், பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

உன்மேல் குற்றம் இல்லையடி, உன்னை அப்படி எழுதவைத்தவரே அவர்தான். 'நான் உன் தம்பி' என்று நான் நாள் முழுக்கச் சொல்லிப் பார்க்கிறேன், தெருவில் போகிற யாரையோ பார்ப்பதுபோல் பார்க்கிறார். எனக்கு நம்பிக்கை அநேகமாக வற்றிவிட்டது. நீ போன் பண்ணு. 'அப்பா, நான் பேசறேன்' என்று சொல். அப்புறமும் அதையே சொல். அழகுபடுத்தாதே, ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே.

நோய்நொடி உன் தெருப்பக்கமே எட்டிப் பார்க்காமல் நீ ஆயிரம் வருஷம் இருக்க வேண்டும். அண்ணி சரியாகச் சாப்பிடுவதில்லை, அவரையும் இரண்டு வார்த்தை அதட்டு. மத்தியானம் கூப்பிடு, அப்போதுதான் உன் அப்பா விழித்திருப்பார். போனை அவர் காதில் நான் பிடித்துக்கொள்கிறேன். பதில் வராது. வரவில்லை என்று நீயாக வைத்துவிடாதே, என் கை ஓய்ந்தால் நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பெறாமலே அப்பன் பட்டம் வாங்கிய
உன் சித்தப்பா