பாலத்தூணில் ஒரு சிவப்புக் கோடு

அன்புள்ள மகளுக்கு,

உடம்பைப் பொறுத்தவரை நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாயிருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன், அவருடைய முதுகுவலி குறைந்ததா? இங்கே அம்மாவுக்கு எப்போது பார்த்தாலும் ஆற்றங்கரை நடைபாதைப் பேச்சுதான். பழைய பாலத்திலிருந்து மீன்சந்தை வரை கரையோரமாகப் போட்டு முடித்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை திறப்பு. ஒரு பக்கம் ஆளுயர மதில், மறுபக்கம் ஆறு, இடையில் ஏறி வெளியே வர ஒரு படிகூடக் கிடையாது. அதைச் சொன்னால், "நடக்கப் போறவங்க எதுக்குங்க நடுவுல ஏறணும்? உங்களுக்குப் பயப்பட ஏதாவது ஒண்ணு வேணும்" என்கிறாள். முதல் ஆளாக நடப்பதற்கென்று புதுக் காலணி வாங்கி, வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

நான் எழுத வந்தது வேறு. இதுவரை வந்த பெருவெள்ளத்தின் உயரத்தைக் காட்ட, பாலத்தின் இரண்டாம் தூணில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதல்லவா? தூணுக்குப் புதுப்பூச்சு பூசிய வருடம் அது மறைந்துபோனது. நீர்மட்ட அலுவலகத்தில் பதிவெழுத்தராக இருந்த நான்தான் மறுபடி அளந்து போட்டேன். கைப்பிடியின் மேல்விளிம்பிலிருந்து பதினொரு அடி கீழே என்று பதிவேட்டில் இருந்தது. போன வாரம் நடைபாதைப் பொறியாளர் என்னைப் பார்த்து, "ஐயா, நீங்க போட்ட கோட்டுக்கு மேல ஒரு அடி விட்டுத்தான் பாதையே போட்டிருக்கோம், இனி ஆறே நெனச்சாலும் தொட முடியாது" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். பாலத்துக்கு வந்து கைப்பிடியைப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. பூச்சு வேலைக்குச் சற்று முன்னால் கைப்பிடியாக இருந்த கல்சுவரின் மேல்பகுதியில் மூன்றடியை இடித்துவிட்டு, அதே உயரத்துக்கு இரும்புக் கம்பி வைத்திருந்தார்கள். நான் அளந்தது கம்பியின் உச்சியிலிருந்தா, குறைந்துபோன சுவரிலிருந்தா? சுவரிலிருந்து என்றால் என் கோடு மூன்றடி தாழ்வு. அன்றைய வெள்ளம் திரும்பி வந்தால் பாதையின்மேல் இரண்டடி நீர் ஓடும். மேற்கே மழை விடவில்லை. தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன், நாளுக்கு நான்கு விரல் ஏறுகிறது.

அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதி மூன்றையும் கிழித்தேன். கோடு சரியாக இருந்துவிட்டால், கிழவன் வேலையற்றுக் கதை கட்டுகிறான் என்பார்கள். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். அன்று உனக்குப் பள்ளி விடுமுறை, என்னோடு வந்து டேப்பின் மேல்முனையைப் பிடித்திருந்தவள் நீதான். எதன்மேல் வைத்துப் பிடித்தாய் என்று போனில் கேட்காமல் கடிதத்தில் கேட்டுவிட்டு, உன் பதில் வரும்வரை பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன், என் சுபாவம் உனக்குத் தெரியாததா. ஆனால் இந்த வரியை எழுதும்போதே உன் குரல் காதில் கேட்கிறது. கீழே படகில் நின்று நான் கோடு போடுகிறேன், மேலிருந்து நீ, "அப்பா, கல்லு சுடுது, சீக்கிரம்" என்று கத்துகிறாய். கல் என்றுதான் சொன்னாய்.

இனி நீ பதில் எழுத வேண்டியதில்லை. தவறு உன்னுடையதல்ல அம்மா, எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லாதவன் நான். இதைத் தபாலில் சேர்த்துவிட்டு நேரே பொறியாளரிடம் போகிறேன். நம்புவாரா தெரியவில்லை. நம்பாவிட்டால் ஞாயிறன்று பாதையின் வாயிலை மறித்து நிற்பேன், அதற்கான தைரியம் எனக்கு உண்டா என்பதும் தெரியவில்லை. இன்று காலை நீர் ஆறு விரல் ஏறியிருந்தது.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடும் மன நிறைவோடும் இருக்க என் ஆசிகள். இது உன் கைக்கு வரும்போது ஞாயிறு கடந்திருக்கும். கிடைத்த உடனே மறக்காமல் போன் செய். மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன், எப்போதும்போல உன் அம்மாவே ஓடிவந்து எடுக்கட்டும்.

என்றும் உன் நினைவாக,
அப்பா