டிரில் ஊசி ஏன் ஒடிகிறது

என் செல்ல மகளுக்கு,

இங்கே நான், அப்பா, என் தையல் மெஷின் மூன்று பேரும் நலம். நீ நலமாக இருக்கிறாய், சளி விட்டுவிட்டது, ஆபீசில் இடம் மாற்றி ஜன்னல் பக்கம் உட்காரவைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் மாடி வீட்டு டிக்டிக் மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெற்றவளுக்குச் செய்தி மாடிப்படி இறங்கி வருகிறது, என்ன செய்ய. போன் செய்தால் அப்புறம் பேசறேன்மா என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பொறாமை. கடிகாரம் ரிப்பேர் செய்கிற மனுஷன் மேல உனக்கென்ன பொறாமை என்று அப்பா சிரிக்கிறார், சிரிக்கட்டும். போன லீவுக்கு வந்தபோது, உன் மெஷின் ஊசிகிட்ட வெளிச்சமே இல்லையேம்மா, ஒரு குட்டி விளக்கு பண்ணித் தரேன் என்று நீ சொன்னது யாரிடம்? என்னிடம். அதற்கான சர்க்யூட் போர்டை வீட்டிலேயே எப்படிச் செய்வது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது யாருக்கு? அவருக்கு. செம்புத் தகடு ஒட்டிய பலகையில் கோடு போட்டு, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, வேண்டாத செம்பு கரைந்ததும் பொடிப் பொடியாகத் துளை போடுகிற வரைக்கும் அவர் கற்றுக்கொண்டார், நான் இரண்டு பேருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தேன். லீவு முடிந்தது, விளக்கு வரவில்லை. இப்போது என் தலைக்கு மேலே நாளெல்லாம் கிர்ர் கிர்ரென்று டிரில் சத்தம், அது நின்றால் உனக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், தெருவே கேட்கும். பாப்பா, துளையோட அடிப்பக்கம் பிய்யுதே என்பார், கீழே ஒரு மரத்துண்டு வைக்கச் சொல்வாய். கையில பிடிச்சா ஊசி ஒடியுதே என்பார், ஸ்டாண்டு இல்லாம போடாதீங்க மாமா என்பாய். கடையில ஸ்டாண்டோட விலை கேட்டா தலை சுத்துது என்பார், மலிவாக எது எங்கே கிடைக்கும் என்று மெனக்கெட்டுத் தேடி வேறு சொல்வாய். போன வாரம் நான் ஒரு சட்டைக்குக் காலரும் கையும் வைத்துத் தைத்து முடிக்கிற வரைக்கும் அவரோடு பேசினாய். என்னோடு பேசியது ஊசியில் நூல் கோக்கிற நேரம், அதுவும் உன் கண்ணுக்கு ஆகிற நேரம், என் கண்ணுக்கு ஆகிற நேரம்கூட இல்லை.

சரி, டிரில் இருந்தால்தானே மகள் பேசுவாள், நம் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும் என்று நானும் இறங்கிவிட்டேன். பழைய தையல் மெஷினின் மோட்டார் சும்மாதானே கிடந்தது. அப்பா மேசை டிராயரின் சறுக்குக் கம்பியைக் கழற்றி நிமிர்த்தி வைத்து அதில் மோட்டாரை ஏறி இறங்குகிற மாதிரி கட்டினார், இப்போது டிராயர் ஒரு பக்கம் தொங்குகிறது, பொத்தானெல்லாம் பிஸ்கட் டப்பாவில். இறக்கிய மோட்டார் தானாக மேலே ஏற இடுப்புக்கு வைக்கிற எலாஸ்டிக்கைக் கட்டிவிட்டேன். ஊசியைக் கவ்வுகிற பித்தளைத் தலையும் ஊசிகளும் மட்டும்தான் கடையில் வாங்கியது. காலால் பெடலை மிதித்தால் சுற்றுகிறது, லேசாக மிதித்தால் லேசாக. மாமாவுடையதற்குப் பெடல் கிடையாது, வெறும் ஸ்விட்ச்தான், பாவம். பலகைத் தூள் மூக்குக்கு ஆகாது என்று நீ அவரிடம் சொன்னது கீழேவரை கேட்டது, அதனால் முகத்துக்குக் கட்ட ஒன்று தைத்துக்கொண்டேன். அவருக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தேன், காது நாடாவைக் கொஞ்சம் இறுக்கமாகவே வைத்தேன்.

நீ துளை போடாமல் விட்டுப்போன விளக்குப் பலகையை எடுத்து வைத்து முதல் துளை போட்டேன், டிக்கென்று ஊசி ஒடிந்தது. இன்னொன்று மாட்டினேன், அதுவும் போயிற்று. சத்தம் கேட்டு மாமா இறங்கி வந்து கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துவிட்டு, அக்கா, நீங்க என்ன பண்றீங்கன்னா என்று ஆரம்பித்தார். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், என் பொண்ணுகிட்ட நானே கேட்டுக்கறேன் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன். மனுஷர் முகம் சுண்டிப்போய் மேலே போனார். உடனே உனக்குப் போன் செய்தேன், மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்மா என்றாய். இருக்கும், வேலை இருக்கும்தான். ஆனால் அன்று சாயங்காலம் மாடியிலிருந்து உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அப்பாவிடம் தலைவலி என்று சொன்னேன்.

அந்தக் கோபத்தோடு ஒரு தலையணை உறை தைக்க உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், ஊசி இறங்க இறங்க என் இடது கை துணியைத் தானாக முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இத்தனை வருஷப் பழக்கம். டிரில்லிலும் அதையேதான் செய்திருக்கிறேன், துளை முடிவதற்குள் பலகையை நகர்த்தினால் ஊசி ஒடியாமல் என்ன செய்யும்? இப்போது கையை அழுத்தி நிறுத்திக்கொள்கிறேன். அதற்குப் பிறகு ஒன்றுகூட ஒடியவில்லை, துளையெல்லாம் தையல் போட்டாற்போல் வரிசையாக நிற்கிறது. மாமாவே பார்த்துவிட்டு, அக்கா, என்னோடதைவிட நல்லா வந்திருக்கு என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஜன்னல் பக்கம் காற்று நேராக அடித்தால் கழுத்தைச் சுற்றிக்கொள், சளி திரும்பப் பிடித்துவிடப் போகிறது. நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் எனக்குக் கூப்பிடு. ஊசி ஏன்டி ஒடியுது என்று கேட்பேன், எனக்குத் தெரியும் என்பதை மறந்துவிட்டு நீ முதலிலிருந்து சொல்லு, மாமாவுக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொல்லு. ஒரு துளையை மட்டும் போடாமல் வைத்திருக்கிறேன்.

உன் அம்மா