நீர் கோத்த கால்

மாசி 3, திங்கள்

பனி. எதிர்வீட்டுச் சுவர் தெரியவில்லை.

ஃபர்ஜானா என்று ஒரு பெண் வந்தாள். (முதல் எழுத்து மூன்று புள்ளி. இன்றுதான் எழுத வாய்த்தது. அழகாக வந்திருக்கிறது.) நம் ஊர்ப் பெண், ஜரிகைக் கடைக் குடும்பம். சென்னையில் டிசைன் படித்தவள். புடவை டிசைனா என்றேன். சிரித்தாள்.

"இல்ல தாத்தா. மாசமா இருக்கறவங்களுக்கு போன்ல எட்டு கேள்வி. டாக்டர் தூரமா இருந்தாலும் ஆபத்து முன்னாடியே தெரியணும். பணக்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா?"

ஆபத்து என்றால் சிவப்பு வரும். இல்லையென்றால் பச்சை. எங்கள் முதியோர் எழுத்து வகுப்பில் சோதித்துப் பார்க்கிறாள். "மெதுவா படிக்கிறவங்கதான் எனக்கு வேணும்" என்றாள். அறுபத்தெட்டு வயதில் என் மெதுவுக்கு ஒரு வேலை. சந்தோஷம்.

சாயப்பட்டறையில் நாற்பது வருடம் கொதிநீரில் கை. விரல் நுனி மரத்துவிட்டது. நான் தொடுவது போனுக்கும் தெரியவில்லை. பொத்தான் பெரிதாக வேண்டும் என்று குறித்துக்கொண்டாள்.

மருமகள் மலருக்கு எட்டாம் மாதம். நான் படிக்க, அவள் பதில் சொல்ல, நான் தொட.

பக்கத்து வீட்டுக் கஸ்தூரி: "பெரியவரு ஒரு கேள்வி படிக்கறதுக்குள்ள புள்ளயே பொறந்துடும்பா."

கேள்வி ஐந்து: கால் வீக்கம் உள்ளதா?

"வீக்கம்லாம் இல்ல மாமா."

இல்லை என்று தொட்டேன். கடைசியில் பச்சை.

மாசி 4, செவ்வாய்

பனி. பால், மாவு, பேனா ரீஃபில்.

டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் மகளின் கர்ப்பகால அட்டை. அவள் போய் இருபத்தோரு வருடம். வலிப்பு வந்தது. வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. அட்டையில் என்ன இருக்கிறது என்று யாரையும் கேட்டதில்லை. இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு பக்கம் படிக்க மதியம் ஆயிற்று. 'முகம், கை, கால் வீக்கம் இருந்தால் உடனே வரவும்.' ஒரு எழுத்தும் தவறவில்லை.

வேறொன்றும் தோன்றவில்லை. தண்ணீர் குடித்தேன்.

அவள் ஏழாவது வரை படித்தவள். இதைப் படித்திருப்பாள். பிறகு ஏன் போகவில்லை?

மாசி 6, வியாழன்

வெயில். மகன் கம்பெனி வேனில் போய்விட்டான். கொல்லைக் கல்லில் உட்கார்ந்து மலர் கால் விரலில் சோப்புத் தேய்க்கிறாள்.

"என்னம்மா?"

"மெட்டி கழல மாட்டேங்குது மாமா. பிடிச்சிக்கினு இருக்குது."

"வீக்கம் இல்லன்னு சொன்னியே."

"இது வீக்கமா? அடிபட்டாதான் வீங்கும். இது நீர் கோத்துக்கினு இருக்குது. எல்லாருக்கும் வரும். எங்கம்மாகூட நல்லதுன்னுதான் சொல்லிச்சு."

என் மகளும் அப்படித்தான் சொன்னாள். "நீர் கோத்துக்கிச்சுப்பா." வீக்கம் என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

இரண்டு சொல். ஒரே கால்.

ஆட்டோ. சுகாதார நிலையம். நர்சம்மா பிரஷர் பார்த்தார். மறுபடி பார்த்தார். தலை வலிக்கிறதா என்றார். "நேத்துலேர்ந்து" என்றாள் மலர். நர்சம்மா அதற்குப் பிறகு உட்காரவில்லை. ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரி. மகனுக்குப் போன்.

மெட்டியை வெட்டி எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். சட்டைப் பையில் இருக்கிறது. பயம் வரவில்லை. அழுகை வரவில்லை. சுவரில் இருந்த பலகைகளை எல்லாம் படித்தேன். எச்சில் துப்பாதீர். செருப்பை வெளியே விடவும்.

மாசி 7, வெள்ளி

மலர் கண்ணை மூடியே இருக்கிறாள். பிரஷர் இறங்கவில்லை. பிள்ளை அசைகிறதாம்.

ஃபர்ஜானா வந்தாள். நடந்ததைச் சொன்னேன். போனை எடுத்து ஐந்தாம் கேள்வியைத் திறந்தாள்.

"வீக்கம்னு எழுதினது நான்தான் தாத்தா. டாக்டருங்க சொன்ன வார்த்தை."

"இல்லன்னு தொட்டது நான்மா."

வெளியே மாதப் பரிசோதனைக்கு நின்ற பெண்களிடம் போனாள். நானும் பின்னால்.

"கால் வீக்கம் இருக்காக்கா?"

"இல்லியேமா."

"நீர் கோத்திருக்கா?"

"அதக் கேளு! எங்க வூட்டுக்காரர் செருப்ப மாட்டிக்கினு வந்துக்கீறேன், பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். ஃபர்ஜானா சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வரிசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

மாசி 15, சனி

பனி இல்லை.

ஆபரேஷன் நடந்து ஆறு நாள். பெண் குழந்தை. எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. மலர் இன்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். வாங்க வேண்டியவை: துண்டு, ஃபிளாஸ்க், இந்த நோட்டு மாதிரி இன்னொன்று.

எல்லாரும் என்னைக் கும்பிடுகிறார்கள். எனக்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. விரல் மாதிரிதான் உள்ளேயும்.

ஃபர்ஜானா கேள்விகளை மாற்றிக் கொண்டுவந்தாள். வார்டு வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். கேள்வி ஐந்து: காலில் நீர் கோத்திருக்கிறதா? மெட்டி, செருப்பு இறுகுகிறதா? பொத்தான் கட்டைவிரல் அகலம். முதல் தொடலிலேயே போனுக்குத் தெரிந்தது!

"ஆரம்பத்துலேர்ந்து போங்க தாத்தா. சும்மா ஏதாவது ஒரு பேர் போடுங்க."

தாளில் எழுதினால் கொம்பு முதலில், ச பிறகு. போனில் ச முதலில், கொம்பு பிறகு. அப்புறம் ல், புள்ளியோடு. வி.

செல்வி. என் மகள் பெயர். இதுவரை எழுதியதில்லை.

வயது: 22.

கேள்வி ஐந்து. ஆம்.

சிவப்பு வந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவும் என்று இருந்தது. எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி, உரக்கப் படித்தேன்.